நானூற்றுப் பன்னிரண்டுக்கு விழுந்த ஓட்டு

எங்கள் பேக்டரியில் நான் டைம் ஆபீஸ். ஆயிரத்து நூறு பேர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்பதைப் பதினேழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருடைய முகமும் தெரியும், நம்பரும் தெரியும். பெயர் கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆம்பூரில் எங்கள் ஷூ பேக்டரிக்குள் வந்துவிட்டால் பெயர் வீட்டோடு சரி, உள்ளே டோக்கன் நம்பர்தான். "இருநூத்தி ஏழு லீவு", "அறுநூறு மயக்கம் போட்டுடிச்சி" என்றுதான் பேசுவோம். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட உறை மேல் தங்கள் நம்பரையும் எழுதித் தருவார்கள். அப்போதுதான் எனக்கு ஆள் பிடிபடும்.

ஜெயபுஷ்பம் அக்காவின் நம்பர் 57. இரட்டை இலக்க நம்பர் வைத்திருப்பவர்கள் இன்று மொத்தம் நாலு பேர்தான். அக்கா இருபத்தைந்து வயதில் சேர்ந்தவர், இப்போது ஐம்பத்தாறு. கணவர் ஆபேல் தோல் மண்டியில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் ஃபீபி வேலூரில் நர்ஸ். அக்காவுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

அவருக்கு வேலை செக்கிங். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து முடித்ததும் அது அவர் டேபிளுக்கு வரும். உள்ளே கை விட்டு, விரல் நுனியால் முன்மூக்கு வரை தடவிப் பார்க்க வேண்டும். பசை கட்டியாக நிற்கிறதா, நூல் முடிச்சு உறுத்துகிறதா, எதுவும் குத்துகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அக்கா கண்ணை மூடிக்கொள்வார். "கண்ணு பொய் சொல்லும் மூர்த்தி, வெரலு சொல்லாது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் டேபிளைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த ஷூ ஒன்றுகூட இல்லை. எனக்குத் தெரிந்து மேனேஜர் சுஹேல் அகமது சார் எழுந்து நின்று பேசுகிற ஒரே தொழிலாளி அவர்தான்.

ஊசிக்கு எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் துண்டுகளை எல்லாம் பொறுக்கி, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். முழு ஊசியாகச் சேர்ந்தால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் லைனை நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். அது சட்டம். நடப்பது வேறு. லைனை நிறுத்தினால் அன்றைய டார்கெட் போய்விடும், சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும். அதனால் துண்டு காணாமல் போன டிரேயை அப்படியே தூக்கிக்கொண்டு அக்கா டேபிளுக்குப் போய், "அக்கா, கொஞ்சம் கை வுட்டுப் பாருங்க" என்பார்கள். அக்கா பார்த்துவிட்டு "இல்ல, போ" என்றால் இல்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குக்கூட அப்பீல் உண்டு, அக்கா விரலுக்குக் கிடையாது.

போன மாதம் எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருடைய ஆள் வந்து, பேக் பண்ணி வைத்த பெட்டிகளில் நாலைப் பிரித்துப் பார்த்தான். ஒரு ஷூவுக்குள் லைனிங் ஓரத்தில் ஊசி முனை ஒன்று செருகிக்கொண்டிருந்தது. லைனிங்கில் தைத்தவருடைய நம்பர் இருக்கும், அதுவும் சட்டம். நம்பர் 412. நோட்டை எடுத்துப் பார்த்தால் அந்தத் தேதியில் 412 கணக்கில் இரண்டு துண்டுதான் ஒட்டியிருந்தது. முனை இல்லை.

412 பூங்குழலி. மாதனூர் பக்கத்துப் பெண், இருபத்து நாலு வயது. அப்பா படுக்கையில் இருக்கிறார், வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்தி. விளக்கம் கேட்டு மெமோ போனது. "முனை கிடைக்கவில்லை என்று 57இடம் சொல்லி டிரேயைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு இல்லை என்றார்" என்று எழுதிக் கொடுத்தாள். சுஹேல் சார் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா தரையைப் பார்த்தபடி, "அப்படி யாரும் வந்து சொன்ன மாதிரி ஞாபகம் இல்ல சார்" என்றார். அதை டைப் அடித்தது நான்தான். அடிக்கும்போதே பூங்குழலி மேல் எனக்குக் கோபம் வந்தது. செய்ததையும் செய்துவிட்டு, போயும் போயும் அக்கா மேல் பழி போடுகிறாளே என்று.

எனக்கு மட்டுமில்லை, பேக்டரிக்கே கோபம். அந்த லாட் முழுவதையும் பிரித்து மறுபடி பார்க்கச் சொல்லிவிட்டார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. சர்ச்சுக்குப் போகிறவர்கள் போகவில்லை, சீமந்தத்துக்குப் போக வேண்டியவர்கள் போகவில்லை. ஆயிரம் பேரும் தூக்கம் கெட்ட கண்ணோடு பெட்டி பிரித்துக்கொண்டிருந்தோம். அக்காவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கை விட்டுப் பார்த்தார். கையில் ஒரு சின்ன டார்ச் வைத்துக்கொண்டு அடித்து அடித்துப் பார்த்தார். அதைப் பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வருகிற திங்கட்கிழமை என்கொயரி என்று முடிவாயிற்று. 412 வெளியேதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்த லட்சணத்தில்தான் அதற்கு முந்தைய சனிக்கிழமை எங்களை ஒரு கொலை பார்க்க வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஏற்பாடு இரம் மேடம். எச்.ஆருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. நல்ல பெண்தான், மனதில் கள்ளம் கிடையாது. தொழிலாளிகள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று பையர் கேட்டிருக்கிறான். அதற்குப் பெங்களூரிலிருந்து ஒரு நாடகக் குழு. பைபாஸ் ரோடு ஹோட்டல் ஹாலில் சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே கொலை நடக்குமாம். சாப்பிடுகிறவர்கள் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

"மேடம், இவங்க எல்லாம் ரெண்டு வாரமா தூங்கல. ஒரு நாள் லீவு குடுத்தாலே சந்தோஷமாய்டுவாங்க" என்றேன்.

"லீவுல போட்டோ எடுக்க முடியாதே, ராமமூர்த்தி சார்" என்றார் அவர். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நாற்பது பேர் லிஸ்ட் ஊசி விவகாரத்துக்கு முன்பே பையருக்குப் போய்விட்டது. அதில் 57 இருந்தார், 412ம் இருந்தாள். வெட்ட முடியாது. சாயங்காலம் நாலரைக்கு பஸ். தலை எண்ணி ஏற்றுவது என் வேலை. பூங்குழலி கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். பக்கத்து சீட் காலியாக இருந்தும் இரண்டு பேர் நின்றுகொண்டே வந்தார்கள். பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் பாதிப் பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்கள்.

ஹாலில் ஏ.சி. குளிர். வட்ட டேபிள்களில் வெள்ளைத் துணி. இடத்தை இரம் மேடமே சீட்டு ஒட்டி ஒதுக்கியிருந்தார், லைன் கலந்து உட்கார வேண்டுமாம். எங்கள் டேபிளில் நான், ஜெயபுஷ்பம் அக்கா, கட்டிங் கோவிந்தம்மாள், இன்னும் சிலர். நேரெதிரே பூங்குழலி. அவளும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆறே முக்காலுக்கு ஜரிகைத் தலைப்பாகை கட்டிய ஒரு ஜமீன்தார் வந்தார். அவருக்கு ஒரு பொண்டாட்டி, ஒரு தம்பி, ஒரு டாக்டர், ஒரு சமையல்காரன். ஐந்து பேரும் டேபிள் டேபிளாக நடந்து சண்டை போட்டுக்கொண்டார்கள். ஜமீன்தார் ஒரு வாய் சூப் குடித்தார், நெஞ்சைப் பிடித்தார், எங்கள் டேபிள் பக்கத்திலேயே விழுந்தார்.

அங்கேதான் முதல் தப்பு. எங்கள் கோவிந்தம்மாள் பேக்டரியில் முதலுதவிக் கமிட்டி. வருஷத்துக்கு இரண்டு தடவை பொம்மையை வைத்துப் பயிற்சி எடுத்தவள். நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து, ஜமீன்தார் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்துவிட்டாள். செத்தவர் "அம்மா, அம்மா, நான் ஆக்டரும்மா" என்று கத்தினார். "பேசாதீங்க, மூச்சு வாங்குங்க" என்று இன்னும் இரண்டு அழுத்து அழுத்தினாள். நாலைந்து பேர் எழுந்து வரிசையாக வாசல் பக்கம் நடந்தார்கள். ஃபயர் டிரில்லில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார், நாடக இன்ஸ்பெக்டர்தான். கோட்டும் தொப்பியுமாக மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தையல் லைன் பெண்ணிடம், "கொலை நடந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?" என்றார்.

அவள் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "என் மெஷின்லதான் சார் இருந்தேன்" என்றாள்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"யாரும் தொந்தரவு குடுக்கறதில்ல சார். எட்டு மணி நேரம்தான் வேலை. குடிக்கத் தண்ணி இருக்குது. பாத்ரூம் சுத்தமா இருக்குது."

ஆடிட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வதற்கென்று மனப்பாடம் செய்து வைத்த பதில் அது. கோட்டுப் போட்டு யார் கேட்டாலும் தானாக வந்துவிடும். இன்ஸ்பெக்டர் இரம் மேடத்தைப் பார்த்தார். இரம் மேடம் மேலே விளக்கைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் அக்கா சிரிக்கவில்லை. நாடகம் தொடங்கியதிலிருந்து அவர் சாப்பிடவும் இல்லை.

அடுத்து இரும்புத் தட்டு வந்தது. மரப்பலகை மேல் கறுப்பு இரும்புத் தட்டு, அதில் கோழித் துண்டு எண்ணெயில் சடசடவென்று பொரிந்து புகைந்துகொண்டிருக்க, "கை பட்டுறப் போகுது" என்று சொல்லி ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தார்கள். கூடவே ஆளுக்கு ஒரு சின்னச் சீட்டும் பென்சிலும். கொலையாளி யார் என்று எழுத வேண்டும், சீட்டில் உங்கள் பெயர் வேண்டாம் என்றார் இன்ஸ்பெக்டர்.

எங்களுக்குச் சீட்டு என்றால் பழக்கமான விஷயம். கேண்டீன் வாசலில் புகார்ப் பெட்டி இருக்கிறது. அதில் போடும் சீட்டில் யாரும் பெயர் எழுத மாட்டார்கள், யார் மேல் புகாரோ அவர் நம்பரை மட்டும் எழுதுவார்கள். பின்னாலிருந்த டேபிளில் யாரோ, "ஊசி வெச்சவ இங்க இருக்கும்போது வேற யார எழுதறது?" என்று கிசுகிசுத்தார்கள். சின்னச் சிரிப்பு. அது டேபிள் டேபிளாக ஓடிற்று. ஜமீன்தாரைக் கொன்றவனைப் பற்றி யாருக்கு அக்கறை? எங்களுக்குப் போனது இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

நானும் 412 என்று எழுதினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? வேடிக்கைக்குத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்.

எழுதி மடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அக்கா சீட்டை வைக்க இடம் பண்ணிக்கொண்டிருந்தார். இடது கையால் அந்த இரும்புத் தட்டைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். விளிம்பில் நாலு விரலும் அழுந்த, பிடித்தபடியே வலது கையால் சீட்டைத் தடவி நேராக்கிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். எண்ணெய் அந்த விரல்களின் பக்கத்தில் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, கை" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்து, பிறகு தட்டைப் பார்த்து, பிறகுதான் கையை எடுத்தார். விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. கையை மடிக்குள் வைத்துப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

முப்பத்தோரு வருஷம் எங்களுக்கெல்லாம் நீதிபதியாக இருந்த கை அது. டார்ச் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எப்பத்துலேர்ந்துக்கா?" என்று குனிந்து கேட்டேன்.

"சுகர், மூர்த்தி. ஆறு மாசமாவுது. மொதல்ல மதமதன்னு இருந்துச்சி. இப்ப அதுவும் இல்ல." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஃபீபிக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே வேலைய வுடச் சொல்லிடுவா."

"அப்ப அந்தப் பொண்ணு டிரே கொண்டாந்தது?"

"கொண்டாந்தா. பன்னெண்டு ஜோடியிலயும் கை வுட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியல. தெரியலன்னு சொல்றதுக்குப் பதிலா இல்லன்னு சொல்லிட்டேன்." தலைப்புக்குள் கையைத் தேய்த்துக்கொண்டார். "ரொம்ப அலுத்துட்டேன்டா. வேலையில இல்ல, தெரிஞ்ச மாதிரி நடிக்கறதுல."

நான் எதிரே பார்த்தேன். பூங்குழலி எங்களைக் கவனிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அத்தனை பேரில் நாடகத்தை உண்மையாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான் என்று பிறகு தெரிந்தது.

சீட்டுகளை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் மேடையேறினார். மேளதாளம் எல்லாம் வைத்து முதல் சீட்டைப் பிரித்தார்.

"நானூத்திப் பன்னெண்டு" என்று படித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தார். அடுத்ததைப் பிரித்தார். "இதுவும் நானூத்திப் பன்னெண்டு." மூன்றாவது, நாலாவது. "இது என்ன, ரூம் நம்பரா? இந்த ஹோட்டல்ல மூணு மாடிதான் இருக்கு."

முதலில் சிரித்தார்கள். பத்துச் சீட்டு வரை சிரிப்பு இருந்தது. பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜனங்கள் சிரிக்கிறார்கள், நல்லது என்று நினைத்துக் குரலை ஏற்றி ஏற்றிப் படித்தார். "நானூத்திப் பன்னெண்டு. மறுபடியும் நானூத்திப் பன்னெண்டு." பதினைந்துக்கு மேல் சிரிப்பு குறைந்தது. இருபதுக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. பூங்குழலி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. காது மட்டும் சிவந்து போயிருந்தது. என் சீட்டும் அதில் ஒன்று. எது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

நடுவே ஒரே ஒரு சீட்டில் "சமையல்காரன்" என்று வந்தது. "கரெக்ட்" என்று துள்ளிக் குதித்தார் இன்ஸ்பெக்டர். "எழுதினது யாரு? பரிசு இருக்கு." யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி 412, மறுபடி 412. கடைசிச் சீட்டைப் பிரித்தார்.

"அம்பத்தேழு" என்றார்.

அது யார் நம்பர் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அது நான் எழுதினது" என்றார். மைக் இல்லை, ஆனால் கேட்டது. "அந்தப் பொண்ணு டிரேயக் கொண்டாந்து என்கிட்ட சொன்னா. ஊசி முனை காணோம், பாருங்கக்கான்னு சொன்னா. எனக்கு வெரல்ல உணர்ச்சி இல்ல. இருக்கற மாதிரி பாத்துட்டு இல்லன்னு அனுப்பிட்டேன். மேனேஜர் கேட்டப்ப ஞாபகம் இல்லன்னு பொய் சொன்னேன். உங்க ரெண்டு ஞாயித்துக்கெழமையும் என்னாலதான் போச்சி. அவள வுட்டுடுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் வேஷம் போட்டவர் தொப்பியைக் கழற்றினார். நாடகத்தில் அது இல்லை. இரம் மேடம் போட்டோ எடுக்கிறவனைக் கையைக் காட்டி நிறுத்தினார். அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது.

திங்கட்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பூங்குழலியின் மெமோ திரும்பப் பெறப்பட்டது. அவள் அதே மெஷினில்தான் இருக்கிறாள். அக்காவை சுஹேல் சார் எழுந்து நின்றுதான் வரவேற்றார், எழுந்து நின்றுதான் அனுப்பியும் வைத்தார். ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை தரட்டுமா என்று கேட்டாராம். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புகார்ப் பெட்டியில் அந்த வாரம் ஒரு சீட்டும் விழவில்லை. 57ஐ லிஸ்டிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அதைப் புதிதாக யாருக்கும் கொடுக்காமல் இன்னும் தட்டிக் கழித்துக்கொண்டு வருகிறேன். கேட்டால் கம்ப்யூட்டர் எடுக்கவில்லை என்கிறேன்.

ஆனால் எனக்கு மறக்காதது அன்று திரும்பி வந்த பஸ்தான். எட்டரைக்குக் கிளம்பினோம். யாரும் தூங்கவில்லை. அக்கா முன்பக்கம் ஜன்னல் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். பள்ளிகொண்டா தாண்டியதும் கடைசி சீட்டிலிருந்து பூங்குழலி எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நியாயம்தான்.

அவள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். "நான் வீட்ல சொல்லக்கூட இல்ல. தெனம் குளிக்கறப்ப அழுதுட்டு வருவேன்."

பூங்குழலி அவர் இடது கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நாலு விரலிலும் கொப்புளம் எழும்பியிருந்தது.

"வலிக்குதா?"

"தெரியலம்மா."

பூங்குழலி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். ஜன்னலுக்கு வெளியே அந்தக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, விரல்கள் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

"சில்லுன்னு இருக்குதாக்கா?"

அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஊத்தும்மா" என்றார்.